காளான் அறைக்குக் காற்று விட்ட கதை

சூலூர் பக்கம் எங்கள் வீட்டில் சமையலறைக்கும் பின்வாசலுக்கும் நடுவே ஒரு சின்ன ஸ்டோர் ரூம் இருக்கிறது. நாலு அடி அகலம், மூன்று அடி ஆழம், ஏழு அடி உயரம். அப்பா எருமை வைத்திருந்த காலத்தில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் மூட்டை மூட்டையாக அதில் கிடக்கும். எருமை போன பிறகு பழைய பாத்திரமும் பழைய பேப்பரும் சேர்ந்துவிட்டன. போன வருஷம் தை மாதம் எல்லாவற்றையும் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, உறி கட்டி, வைக்கோல் அடைத்த பைகளான சிப்பிக் காளான் படுக்கைகளைத் தொங்கவிட்டேன். ஒரு உறிக்கு மூன்று வீதம் இரண்டு உறியில் ஆறு படுக்கை.

நான் 26 வருஷம் ஸ்பின்னிங் மில்லில் ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட் பார்த்தவன். நூல் நூற்கும் இடத்தில் ஈரப்பதம் குறைந்தால் நூல் அறும், ஏறினால் ரோலரில் பஞ்சு சுற்றிக்கொள்ளும். அதனால் இரவு பகல் பார்க்காமல் காற்றைக் கழுவி, ஈரமேற்றி, உள்ளே தள்ளி, வெளியே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனை வருஷம் இந்த வேலை செய்துவிட்டு, காளானுக்கு மட்டும் வேறு கணக்கு என்று நினைத்துவிட்டேன். முதல் ஈட்டு வீணானது அதனால்தான்.

வைக்கோலை ஊறவைத்து, வேகவைத்து, கையில் பிழிந்தால் சொட்டாத பதத்துக்கு உலர்த்தி, வித்து தூவிப் படுக்கை போட்டதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. வேளாண் பல்கலைக்கழகப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே செய்தேன். பதினெட்டு நாளில் படுக்கை முழுக்க வெள்ளையாகப் பூசணம் ஓடிவிட்டது. பையைக் கிழித்துவிட்டேன். காளானுக்கு ஈரம் வேண்டும், ஈரம் போகாமல் இருக்கக் கதவைச் சாத்த வேண்டும் என்று சாத்தினேன். காலையும் மாலையும் கைத்தெளிப்பானால் சுவர், தரை, படுக்கை எல்லாவற்றையும் நனைத்தேன். உள்ளே போனால் சட்டை உடம்போடு ஒட்டும்.

நாலாம் நாள் கதவைத் திறந்து பார்த்த என் மனைவி, "ஏனுங்க, இது காளானுங்களா, கொத்தவரங்காயுங்களா?" என்று கேட்டாள். தண்டு விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. தலை சட்டைப் பொத்தான் அளவுதான். தண்டின் அடியில் பஞ்சு ஒட்டியது போல் வெள்ளை ரோமம். ஒன்றைப் பறித்து நகத்தால் கீறிப் பார்த்தேன், நார் நாராக உரிந்தது. கீழே தொங்கிய படுக்கைகளில் பச்சைப் பூஞ்சணமும் பிடிக்க ஆரம்பித்திருந்தது.

காளானும் மூச்சு விடுகிறது. வைக்கோலைத் தின்று கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறது, கூடவே சூட்டையும் விடுகிறது. பூசணம் ஓடும் சமயத்தில் படுக்கைக்குள் கம்பி தெர்மாமீட்டரைச் செருகினேன். அறையில் 28 டிகிரி இருந்தபோது படுக்கையின் நடுவில் 32 காட்டியது. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 420 பங்கு அளவு இருக்கும். மொட்டு விடும்போது 1000-க்குள் இருந்தால்தான் சிப்பி விரியும். அடைத்த அறையில் அது பல மடங்கு ஏறிவிடும். காற்றைத் தேடித்தான் தண்டு அப்படி நீள்கிறது. வெளிச்சமே இல்லாவிட்டாலும் தண்டு நீளும், ஆனால் என் அறையில் காலையிலிருந்து ஆறு மணி வரை சின்ன எல்இடி பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. குறை காற்றில்தான்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். ஐப்பசி மழை விட்டதும் காட்டில் புற்றுக் காளான் பொறுக்கி வளர்ந்தவர். "புத்துக்குள்ள கையை விட்டா குளுகுளுன்னு இருக்கும் சாமி, ஆனா புழுங்காது" என்றார். கரையான் அந்தக் காளானைப் புற்றுக்குள் வளர்த்துத்தான் தின்கிறது. புற்றின் மண்சுவர் வழியாகக் கெட்ட காற்று வெளியேறி நல்ல காற்று உள்ளே வருகிறது, ஈரம் மட்டும் அப்படியே நிற்கிறது. அன்று இரவு படுத்துக்கொண்டே யோசித்தபோது, மில்லிலும் நாங்கள் இதைத்தானே செய்துகொண்டிருந்தோம் என்று உறைத்தது. மில்லுக்குள் யாரும் தண்ணீர் தெளிப்பதில்லை. உள்ளே வருகிற காற்றை ஏர் வாஷர் என்கிற தண்ணீர் தூவும் அறையில் நனைத்து அனுப்புகிறோம். ஈரத்தை அறைக்குக் கொடுக்காமல் காற்றுக்குக் கொடுக்கிறோம். அப்போது காற்று மாறினாலும் ஈரம் அவ்வளவாகக் குறையாது, நனைந்த காற்று குளிர்ந்தும் வரும். காளான் வளர்க்கும் நண்பர்கள் நிறையப் பேர் காற்று விட்டால் ஈரம் போகிறது, ஈரம் வைத்தால் காற்று கெடுகிறது என்று இரண்டுக்கும் நடுவில் அல்லாடுகிறார்கள். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

முதலில் காற்று நுழையும் வழி. சமையலறைப் பக்கம் ஓட்டை போட்டால் தாளிப்புப் புகையும் சூடும் வரும் என்பதால் பின்வாசல் திண்ணைப் பக்கம் போட்டேன். அது வடக்கு பார்த்த இடம், நாள் முழுக்க நிழல். கதவுக்கு மேலே ஓரடிக்கு ஓரடி திறப்பு. அதில் கம்பிவலைச் சட்டம் அடித்து உள்ளே இரண்டு அங்குல கனத்துக்குத் தென்னை நார் அடைத்தேன். முதலில் கோணிச் சாக்குதான் கட்டியிருந்தேன், பத்தே நாளில் நாற்றம் எடுத்துவிட்டது. பொள்ளாச்சியிலிருந்து வரும் தென்னை நார் அப்படிக் கெடுவதில்லை. ஆனால் மூன்று தண்ணீர் மாற்றி அலசிய பிறகுதான் பழுப்புச் சாயம் நின்றது. மேலே ஒரு வாளி, அதிலிருந்து ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய். அதன் உருளையைத் திருகிச் சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். சித்திரையில்கூட ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர்தான் ஆவியாகிறது.

கோயமுத்தூர்க்காரர்கள் சிறுவாணித் தண்ணீரின் பெருமை பேசுவார்கள். எங்கள் போர் தண்ணீர் உப்பு. மூன்றாவது வாரம் நாரின் மேல் வெள்ளையாகப் பொரிந்துவிட்டது, காற்றே நுழையவில்லை. இப்போது மழைத்தண்ணீரோ குடிதண்ணீரோதான் ஊற்றுகிறேன், மாதம் ஒருமுறை நாரை மாற்றுகிறேன்.

அடுத்தது காற்று வெளியேறும் வழி. கம்ப்யூட்டரில் இருக்குமே, அந்த 12 வோல்ட் சின்ன விசிறி போதும். நிமிஷத்துக்கு 50 கன அடி என்று எழுதியிருக்கும். ஆனால் வலை, நார், குழாய் எல்லாம் தாண்டி இழுக்கும்போது பாதிதான் தேறும், 25 என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் அறை 84 கன அடி. மணிக்கு ஆறு தடவை காற்று மாறினால் போதும், அதாவது 504 கன அடி. விசிறி மணிக்கு இருபது நிமிஷம் ஓடினால் சரியாக இருக்கும். அதை ஒரே மூச்சில் ஓட்டாமல் ஐந்து நிமிஷம் ஓட்டம், பத்து நிமிஷம் ஓய்வு என்று டைமரில் போட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் ஆர்வத்தில் விடாமல் ஓட்டினேன். மேல் படுக்கைகளில் மொட்டெல்லாம் விளிம்பு மஞ்சளித்துச் சருகாகிவிட்டது.

விசிறியை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு பாடம் இருந்தது. எதிர்ச்சுவரில் கூரையை ஒட்டி ஏற்கெனவே வென்டிலேட்டர் இருந்ததால் அதிலேயே மாட்டினேன். சூடு மேலேதானே போகும் என்ற நினைப்பு. இரண்டாம் ஈட்டில் மேல் படுக்கை நன்றாக விரிந்தது, கீழ் இரண்டும் மறுபடி கொத்தவரங்காய். சரி, கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஊதுபத்தியைப் பற்றவைத்துக்கொண்டு உள்ளே நின்றேன். தலைக்கு மேலே பிடித்தால் புகை கோடு போட்டதுபோல் நேராக விசிறிக்கு ஓடியது. முழங்கால் உயரத்தில் பிடித்தால் நேராக எழும்பி, சோம்பிச் சுருண்டு, அங்கேயே நின்றது. மேலே நுழைந்த காற்று மேலேயே வெளியேறிக்கொண்டிருந்தது, கீழே ஒரு துளி போகவில்லை.

மில்லில் குளிர்ந்த காற்று கூரையிலிருந்து இறங்கும், தரையில் இருக்கும் கால்வாய் வழியாகத் திரும்பப் போகும். அதேபோல் வென்டிலேட்டரை அடைத்துவிட்டு, மேற்குச் சுவரில் தரையிலிருந்து அரையடி உயரத்தில் நாலங்குல பிவிசி குழாய் பதித்து விசிறியை அங்கே மாற்றினேன். நனைந்து குளிர்ந்த காற்று கனமானது, தானாக இறங்குகிறது, ஆறு படுக்கையையும் தொட்டுவிட்டு வெளியே போகிறது. மறுபடி ஊதுபத்தி வைத்தேன். புகை மேலிருந்து மெதுவாகப் படுக்கைகளுக்கு நடுவே இறங்கிக் குழாய்க்குள் போனதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம், மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினேன். படுக்கைகளுக்கு நடுவில் நாலு விரல் இடைவெளி இருக்க வேண்டும். ஒட்டித் தொங்கினால் புகை அங்கே தங்கிவிடுகிறது.

ஆனால் மேற்குச் சுவர் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் ஊரில் தகரத்தையே தூக்கும். விசிறி சுற்றுகிறது, காற்று வெளியே போகவில்லை, சில சமயம் தூசியோடு உள்ளே வருகிறது. குழாயின் வெளிமுனையில் ஒரு எல்போ போட்டுக் கீழே பார்க்கத் திருப்பி, முன்னால் ஒரு செங்கல் தடுப்பு எழுப்பிய பிறகுதான் நின்றது. புதிதாகச் செய்கிறவர்கள் கோவை, பல்லடம், உடுமலைப் பக்கம் இருந்தால் வெளியேறும் வழியைக் கிழக்கில் வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காளான் முற்றினால் வெள்ளை மாவு போல் வித்துத்தூள் கொட்டும். ஒருநாள் பறிக்கத் தாமதித்துவிட்டேன். அன்று உறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்த அம்மாவுக்கு மூன்று நாள் இருமல். அதிலிருந்து விளிம்பு மேல்நோக்கி மடங்குவதற்கு முன்பே பறித்துவிடுகிறேன், உள்ளே போகும்போது முகக்கவசம் கட்டுகிறேன், அறையின் காற்று வீட்டுக்குள் வராமல் கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டியிருக்கிறேன். விசிறி இறக்கைகளை வாரம் ஒருமுறை துடைத்தால் அந்த மாவு ஒரு துணி நிறைய வருகிறது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் வீட்டுக்குள் காளான் போடவே வேண்டாம் என்பேன்.

குளிர்ச்சி எவ்வளவு கிடைக்கும் என்பதை ஈரத்திரி வைத்த தெர்மாமீட்டர் முன்கூட்டியே சொல்லிவிடும். மில்லில் பலகையில் மாட்டியிருப்போமே, அதுபோல் இரண்டு தெர்மாமீட்டரைத் திண்ணையில் மாட்டியிருக்கிறேன். ஒன்றின் குமிழில் மல்துணித் திரி சுற்றி அதன் வாலைத் தண்ணீர்க் குப்பியில் விட்டிருக்கிறேன். சித்திரையில் ஒருநாள் பிற்பகல் உலர்ந்தது 37, ஈரமானது 24. நடுவில் 13 டிகிரி, தண்ணீர் ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கக்கூடிய உச்சம் அதுதான். என் நார்த் தட்டி அதில் சுமார் எழுபது சதவீதம் பிடிக்கிறது, ஆக நுழையும் காற்று 28. ஐப்பசி மழையில் உலர்ந்தது 26, ஈரமானது 25. அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் ஒரு டிகிரிகூட இறங்காது, சொட்டை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓட்டலாம்.

தண்ணீரை நம்புவதற்கு முன் சூடு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மேற்குச் சுவர் நாலு மணிக்குக் கை வைக்க முடியாமல் கொதித்தது. வெளியே இரண்டு பூச்சு சுண்ணாம்பு அடித்து, ஒரு முழம் தள்ளித் தென்னந்தடுக்குகளை நிறுத்தினேன். அதற்கே அறைக்குள் மூன்று டிகிரி குறைந்தது. எல்லாம் செய்தும் சித்திரை, வைகாசியில் உள்ளே 29, 30 நிற்கும். அந்த மாதங்களில் வெள்ளைச் சிப்பியோடு மல்லுக்கட்டாமல் சூடு தாங்கும் இளஞ்சிவப்புச் சிப்பியோ பால் காளானோ போடுகிறேன்.

இப்போது ஆறு படுக்கையிலும் சிப்பி உள்ளங்கை அகலத்துக்கு விரிகிறது, தண்டு கட்டைவிரலின் பாதிதான். போன ஞாயிறு பறித்ததைச் சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு போட்டு பள்ளிபாளையம் பக்குவத்தில் வறுத்தோம்.

ஒரே ஒரு எச்சரிக்கை பாக்கி. திரி காய்ந்துவிட்டால் இரண்டு தெர்மாமீட்டரும் ஒரே எண்ணைக் காட்டும், காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது என்று நினைத்துச் சொட்டை நிறுத்திவிடுவோம். நான் ஒருமுறை அப்படி நிறுத்தி ஒரு ஈட்டு மொட்டையே இழந்தேன். அதற்குப் பிறகு குப்பியில் தண்ணீர் ஊற்றும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். காலையில் வாசல் தெளித்து முடித்ததும் சொம்பில் மிச்சம் வைத்த தண்ணீரோடு திண்ணைக்கு வருவார், திரியை இரண்டு விரலால் தொட்டுப் பார்ப்பார், பிறகுதான் காபி.