விண்டோஸ் 11-க்கு மாறுவதா வேண்டாமா: எங்கள் வீட்டுக் கணினியில் முடிவெடுத்த விதம்

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நின்றுவிடும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்ததால், அந்த ஆண்டு முழுவதும் எங்கள் வீட்டு மேசைக் கணினியை என்ன செய்வது என்ற பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. 2018-இல் சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி, அங்கேயே அசெம்பிள் செய்து எடுத்துவந்த கணினி அது. எட்டாம் தலைமுறை ஐ3 பிராசசர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். தமிழில் எழுதுவது, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வது, வங்கி வேலைகள், ஒரு பழைய லேசர் பிரிண்டரில் அச்செடுப்பது ஆகியவைதாம் அதில் நடப்பவை.

மாறாமலே இருந்தால் என்ன என்பதைத்தான் முதலில் யோசித்தேன். அக்டோபர் 14-க்கு மறுநாள் கணினி நின்றுவிடப் போவதில்லை. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்த பிறகும், 2023 தொடக்கத்தில் வந்த 109-ஆம் பதிப்பு வரை கூகுள் குரோம் அதில் இயங்கியது. ஆனால் கணினி இயங்குவதும் அதில் வங்கிக் கடவுச்சொல்லை நம்பித் தட்டுவதும் ஒன்றாகா. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியபோது, அது புகுந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. அதை நிறுவாமல் விட்ட கணினிகளே பெரும்பாலும் சிக்கின. ஆதரவு முடிந்த அமைப்பில் இருப்பவர்களுக்கோ, நிறுவுவதற்குத் திருத்தமே வராது. எனவே இணையத்தில் பணம் புழங்கும் கணினியை அப்படியே விட்டுவைப்பதில்லை என்பது முதலிலேயே தீர்மானமாகிவிட்டது.

அடுத்ததாக, மைக்ரோசாஃப்டின் சோதனை நிரலான பிசி ஹெல்த் செக்கை ஓட்டினேன். இந்தக் கணினி தகுதியற்றது என்று அது சொன்னது. இதைக் கேட்ட கடைக்காரர், ஏழு வருடக் கணினி சார், இதற்கு மேல் செலவு செய்யாதீர்கள், புதிதாகவே எடுத்துவிடுங்கள் என்றார். அண்ணன் மகனோ, ரூஃபஸ் என்ற நிரலைக் கொண்டு தகுதிச் சோதனையைத் தாண்டி நிறுவிவிடலாம், நான் வந்து செய்து தருகிறேன் சித்தப்பா என்றான். அப்படி நிறுவிய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் வரும் என்பதற்கு உறுதியில்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. புதுப்பிப்புக்காகவே மாறப் போகிறவன் அதற்கே உறுதியில்லாத வழியில் ஏன் போக வேண்டும்? அதனால் அதை ஏற்கவில்லை. கடைக்காரர் சொன்னதையும் உடனே ஏற்க மனம் வரவில்லை. விண்டோஸ் 11 ஆதரிக்கும் பிராசசர்களின் பட்டியலில் இன்டெலின் எட்டாம் தலைமுறை இருக்கிறதே, பிறகு ஏன் தகுதியில்லை என்ற கேள்வி மிச்சமிருந்தது.

விடை பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடிக் கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலின் அமைப்புகளில் இருந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புப் பகுதியும், நம்பகமான நிரல்களைக் கொண்டு மட்டுமே கணினியைத் தொடங்கவிடும் செக்யூர் பூட் வசதியும் வேண்டும். டிபிஎம் என்றால் தனியாக ஒரு சில்லு வாங்கிச் செருக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தத் தலைமுறை இன்டெல் கணினிகளில் பிடிடி என்ற பெயரில் அது உள்ளேயே இருக்கிறது, அணைத்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். கணினி தொடங்கும்போது டெலீட் விசையை அழுத்தி பயாஸுக்குள் போய், பிடிடி என்பதை எனேபிள் செய்து சேமித்து வெளியே வந்ததும், ஹெல்த் செக்கின் குறைகளில் ஒன்று மறைந்தது.

செக்யூர் பூட் அவ்வளவு எளிதாக வசப்படவில்லை. அதற்குக் கணினி, பழைய பயாஸ் முறைக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ முறையில் தொடங்க வேண்டும். அதற்கு ஹார்ட் டிஸ்க் ஜிபிடி என்ற புதிய முறையில் பகுக்கப்பட்டிருக்க வேண்டும். எங்களுடையதோ பழைய எம்பிஆர் முறை. இதைக் கோப்புகள் அழியாமல் மாற்றித் தர எம்பிஆர்2ஜிபிடி என்ற கட்டளை விண்டோஸ் 10-இலேயே இருக்கிறது. மாற்றும் முன், முடியுமா என்று மட்டும் பார்த்துச் சொல்லும் ‘வேலிடேட்’ சோதனையை ஓட்டினேன். முடியாது என்று வந்தது. காரணம், அசெம்பிள் செய்து தரும் கடைகளில் அன்று வழக்கமாக இருந்த ஒரு பழக்கம். ஹார்ட் டிஸ்க்கை சி, டி, இ, எஃப் என்று நான்காகப் பிரித்து, சி-யில் விண்டோஸைப் போட்டுத் தருவார்கள். அப்படிப் பிரிக்கும்போது பின்னவை ‘எக்ஸ்டெண்டெட்’ பகுதிக்குள் லாஜிக்கல் டிரைவ்களாக அமைந்துவிடுகின்றன. அத்தகைய டிரைவ்கள் இருந்தால் அந்தக் கட்டளை வேலை செய்யாது. பயாஸை மாற்றினால் போதும் என்று சொல்லும் விளக்கங்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. வட்டு எம்பிஆரில் இருக்கையிலேயே பழைய முறையில் தொடங்க உதவும் சிஎஸ்எம்-ஐப் பயாஸில் அணைத்துவிட்டால் இருக்கிற விண்டோஸும் தொடங்காது என்பதால், சோதனையை முதலில் ஓட்டுவதே முறை.

ஆகவே கேள்வி மாறிவிட்டது. இருப்பதன் மேலேயே மேம்படுத்துவது நடவாது. ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டி வட்டு ஒன்றைப் புதிதாக வாங்கி அதில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவிக்கொண்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கோப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். செலவு புதுக் கணினியின் விலையில் ஒரு சிறு பங்கு. அதற்கு முன், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்த்தேன். தமிழ் எழுத்துகள் அழகாகத் தெரிந்தன, உலாவி விரைவாக ஓடியது. பிரிண்டர்தான் அசைந்து கொடுக்கவில்லை. பக்கத்தை உருவாக்கும் வேலையை முழுவதும் கணினியின் டிரைவரிடம் விட்டுவிடும் வகைப் பிரிண்டர் அது; அதற்குரிய லினக்ஸ் டிரைவர் பழையது, நிறுவுவது பெரும்பாடு. நன்றாக அச்சடிக்கிற பிரிண்டரைத் தூக்கிப் போட எனக்கு மனமில்லை. விண்டோஸ் 10-க்கான அதன் டிரைவர் விண்டோஸ் 11-இலும் மறுபேச்சின்றி வேலை செய்கிறது.

ஆகவே எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11-ஐயே நிறுவினேன். நிறுவும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்தேன். நிறுவல் தவறிப் போய் அந்த வட்டில் கை வைத்துவிட வழியே இருக்கக் கூடாது என்பதுடன், ஏதேனும் கோளாறானால் கேபிளை மாட்டி, பயாஸ் அமைப்பைத் திருப்பி வைத்து, பழைய விண்டோஸுக்கே வந்துவிடலாம். இருப்பதன் மேல் மேம்படுத்துகிறவர்களுக்குப் பத்து நாள்களுக்குள் திரும்பிச் செல்லும் வசதி அமைப்புகளிலேயே கிடைக்கிறது. புதிதாக நிறுவுகிறவர்களுக்கு அது கிடையாது. உரிமம் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. முறையாக வாங்கி ஆக்டிவேட் செய்த விண்டோஸ் 10 ஹோம் அந்த மதர்போர்டுடன் பதிவாகியிருந்ததால், குறியீட்டைக் கேட்கும் இடத்தைத் தாண்டிச் சென்று அதே ஹோம் பதிப்பைத் தேர்ந்தெடுத்ததும், இணையம் இணைந்தவுடன் தானாகவே ஆக்டிவேட் ஆனது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து புதிதாக நிறுவும்போது, நாம் கேட்காமலேயே வட்டு, பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டுவிடலாம். அதன் மீட்புக் குறியீடு அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். அதைத் தேடி எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

தமிழ்க் கோப்புகள் சற்று நேரம் வாங்கின. லதா எழுத்துருவில் அமைத்திருந்த ஒரு நீண்ட கட்டுரையைத் திறந்தபோது, வரிகள் வேறு இடங்களில் முறிந்து, பொருளடக்கத்தில் போட்டிருந்த பக்க எண்கள் எல்லாம் தள்ளிப் போயிருந்தன. விண்டோஸ் 10 காலத்திலிருந்தே தமிழ் எழுத்துருக்களில் நிர்மலா யுஐ மட்டும் எல்லாக் கணினிகளிலும் வருகிறது. லதாவும் விஜயாவும் கூடுதல் எழுத்துருத் தொகுப்பாகத் தனியே வைக்கப்பட்டுள்ளன. அமைப்புகளில் விருப்ப வசதிகள் என்ற பகுதியில் தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்த்ததும் பக்கங்கள் பழைய இடத்துக்கு வந்தன. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறிக்கு மாறும் முன்பு பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகளுக்கு, பழைய வட்டின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து அந்த எழுத்துருவை நகலெடுத்து நிறுவினேன். தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருப்பதால் தட்டச்சுக்கென்று வேறு எதையும் தேட வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் இன்னொரு மடிக்கணினியும் உண்டு. ஆறாம் தலைமுறை பிராசசர் என்பதால் எந்த அமைப்பை மாற்றினாலும் அதற்குத் தகுதி வராது. அதை 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தரும் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்த்தேன். 30 டாலர் கட்டலாம், அல்லது விண்டோஸ் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஒத்திசைத்தால் கட்டணமின்றிச் சேரலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். அதில் யாரும் அச்செடுப்பதில்லை என்பதால், அந்தக் கெடு முடிந்ததும் மின்ட்டையே நிறுவப் போகிறேன்.