ரிம்மில் கீறல் விழாமல் பைக் டயர் மாற்றியது: மூன்று சக்கரங்களின் செய்முறைக் குறிப்பு

கையால் டயர் மாற்றிப் பார்த்தது மொத்தம் மூன்று சக்கரங்கள். பல்சர் 220-இன் பின்சக்கரம் (120/80-17), அதே வண்டியின் முன்சக்கரம் (90/90-17). இரண்டும் அலாய், ட்யூப்லெஸ். அதன் பிறகு பழைய மாடல் கிளாசிக் 350-இன் பின்சக்கரம் (110/90-18), இது ஸ்போக், உள்ளே ட்யூப். மூன்றிலும் ரிம் முழுசாகத் தப்பியதற்குக் காரணம் ஒன்றுதான்: ரிம்மின் நடுப்பள்ளத்தை ஒழுங்காகப் பயன்படுத்தியது.

டயரின் பீடு, அதாவது இரு பக்கமும் ரிம்மில் உட்காரும் ஓரம், உள்ளே எஃகுக் கம்பி வைத்துச் செய்தது. அது நீளாது. டயர் அளவில் கடைசியாக வரும் 17 அங்குலம் என்பது பீடு உட்காரும் இடத்தின் விட்டம். ரிம் விளிம்பின் விட்டம் அதைவிடக் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் பெரிது. சின்ன வளையம் பெரிய விளிம்பைத் தாண்டி வர வேண்டுமானால், ஒரு பக்கம் பீடு நடுப்பள்ளத்துக்குள் இறங்கி, எதிர்ப்பக்கத்துக்குத் தளர்வு கொடுக்க வேண்டும். இறங்காவிட்டால் லீவரில் (டயரை நெம்பும் இரும்புப் பட்டை) எவ்வளவு பலம் போட்டாலும் அது டயருக்குப் போகாது, ரிம் விளிம்புக்குத்தான் போகும். அலாய் வளைவதும், பெயின்ட் உரிவதும், பீடு கிழிவதும் அப்படித்தான். லீவரில் உடம்பு பாரத்தைப் போட வேண்டியிருக்கிறது என்று தெரிந்த கணமே நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். பீடு பள்ளத்தை விட்டு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும்.

தயார் செய்தவை

ஸ்பூன் மாதிரி நுனி உள்ள 12 அங்குல லீவர் மூன்று. நீளமான கடப்பாறை லீவர் வேண்டாம். கைக்குத் தெரியாமலே அளவுக்கு மீறிய பலம் போய்விடும். புது லீவர்களின் ஓரத்தில் பிசிறு இருந்தது. அதை நைஸ் அரத்தால் தேய்த்து, 400 நம்பர் உப்புத்தாளால் வழவழப்பாக்கிய பிறகே ரிம் பக்கம் கொண்டுபோனோம்.

ரிம் விளிம்புக்கு உறையாக மூன்று பொருள்கள் போட்டுப் பார்த்தோம். பால் பாக்கெட் கவர் முதல் லீவரிலேயே கிழிந்தது. தோட்டத்து ஹோஸ் பைப்பை 10 செ.மீ. துண்டாக வெட்டி, நீளவாக்கில் கீறி மாட்டியது கீறலைத் தடுத்தது. ஆனால் தடிமன் அதிகம். பீடு அந்தத் தடிமனையும் தாண்ட வேண்டியிருப்பதால் வேலை கஷ்டமானது. சரியாக அமைந்தது காலி இன்ஜின் ஆயில் கேனின் பிளாஸ்டிக். 12-க்கு 8 செ.மீ. துண்டாக வெட்டி, வெந்நீரில் முக்கி, நடுவில் மடித்தால் விளிம்பில் கச்சிதமாக உட்காரும். ஒவ்வொரு துண்டிலும் ஓட்டை போட்டு நூல் கட்டுவது அவசியம். இல்லாவிட்டால் ஒன்று டயருக்குள் விழுந்து, அங்கேயே தங்கிவிடும்.

வழுக்குவதற்குத் துணி சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, கஞ்சிப் பதத்தில் வைத்துக்கொண்டோம். கிரீஸ், பழைய ஆயில், டீசல் எதுவும் கூடாது. ரப்பர் ஊதும், பிறகு காயவும் காயாது. பிரேக் போடும்போது டயர் ரிம்மில் வழுக்கிச் சுற்றும்.

தரையில் ஒரு பழைய கார் டயரைப் படுக்க வைத்து, அதன் மேல் சக்கரம். பிரேக் டிஸ்க் அந்தக் குழிக்குள் தொங்கும், எதிலும் படாது. டிஸ்க் மேல் சக்கரத்தின் பாரம் ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது. வளைந்த டிஸ்க்கைப் பெண்டு எடுக்க முயல்வது வீண், புதுசுதான் வாங்க வேண்டும். புது டயரை ஒரு மணி நேரம் வெயிலில் போட்டுவைத்தோம். நம் ஊர் வெயில் இந்த ஒரு வேலைக்கு நன்றாகவே உதவுகிறது. கெட்டியாக இருந்த பக்கச்சுவர் கையால் அமுக்கும் அளவுக்கு இளகிவிட்டது.

பின்சக்கரம்: 120/80-17

அச்சைக் கழற்றும் முன் ஸ்விங் ஆர்மின் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) இரு பக்கமும் செயின் அட்ஜஸ்டர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். அச்சில் இடைவெளிக்காகக் கோத்திருக்கும் இடது ஸ்பேசர், வலது ஸ்பேசர் இரண்டும் வேறு நீளம். கழற்றிய வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வைத்தால் குழப்பம் வராது. சக்கரம் வெளியே இருக்கும்போது பின் பிரேக்கை யாரும் மிதிக்கக் கூடாது. மிதித்தால் பிஸ்டன் வெளியே தள்ளும், டிஸ்க் திரும்ப நுழையாது. பிரேக் பேடுகளுக்கு நடுவில் ஒரு மரச்சிம்பைச் செருகிவிட்டால் கவலையில்லை. செயின் ஸ்பிராக்கெட் தாங்கியையும் ரப்பர் புஷ்களையும் தனியாக எடுத்து வைத்ததில் சக்கரம் சமமாகப் படுத்தது.

வால்வு பின்னை (வால்வுக்குள் இருக்கும் சின்ன ஊசி) கழற்றி காற்றை முழுக்க விட்டாகிவிட்டது. அடுத்து பீடை இடத்தை விட்டு விலக்குவது. ட்யூப்லெஸ் ரிம்மில் பீடு நழுவாமல் பிடிக்க ஒரு சின்ன மேடு இருக்கும். அதைத் தாண்ட வைப்பதுதான் இதில் கடினமான கட்டம். பஞ்சர் கடைகளில் சுத்தியால் அடித்தே இறக்குவார்கள். ஒரு அடி தவறினால் அது ரிம் விளிம்பில்தான் விழும். நாங்கள் பயன்படுத்தியது 8 அங்குல சி கிளாம்ப் இரண்டு. டயரின் இரு பக்கமும் ரிம்மை ஒட்டினாற்போல் மரத்துண்டு வைத்து, கிளாம்பை இறுக்கி, சோப்புக் கரைசலை இடுக்கில் ஊற்றி, ஐந்து நிமிஷம் அப்படியே விட வேண்டும். இரண்டாவது கிளாம்பைப் பத்து செ.மீ. தள்ளிப் போட வேண்டும். மூன்றாவது இறுக்கத்தில் 'சொத்' என்று பீடு உள்ளே போனது. ஓர் இடத்தில் விட்டுக்கொடுத்துவிட்டால் மிச்சத்தைக் காலால் மிதித்தே இறக்கிவிடலாம்.

லீவர் போடத் தொடங்கிய இடம் வால்வுக்கு அருகில். எதிர்ப்பக்கம் முட்டி போட்டு பீடைப் பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டால், முதல் லீவர் ஒரு கையால் திரும்பியது. லீவர் நுனி பீடைப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் உள்ளே போனால் போதும். ஆழமாக விட்டால் டயரின் உள்பூச்சு கிழியும். ட்யூப்லெஸ்ஸில் காற்றைப் பிடித்துவைப்பதே அந்தப் பூச்சுதான். அடுத்த லீவர் 5 செ.மீ. தள்ளி. நேரத்தை மிச்சம் பிடிக்க 10 செ.மீ. எடுத்தால் அங்கேதான் ரிம் வளையும்.

முதல் பீடு வெளியே வந்த நிம்மதியில் உறைகளை ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவது பீடுக்குப் போவது எல்லோரும் செய்வது. உள்விளிம்பில் விழும் கீறல் பெரும்பாலும் அப்போதுதான் விழும். சக்கரத்தை நிறுத்தி, உறையை மறுபடி போட்டு, கீழ் பீடையும் அதே விளிம்பு வழியாகவே எடுத்தோம். மேலே ஒரு லீவர், கீழே பள்ளத்தில் பீடு. அப்புறம் டயரைக் கையால் தள்ளினாலே வந்துவிடும்.

டயர் போன பிறகு பீடு உட்காரும் இடத்தில் பழைய ரப்பர் கறுப்பாக ஒட்டியிருந்தது, இரண்டு இடத்தில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்திருந்தது. பாத்திரம் தேய்க்கும் நைலான் நாரும் சோப்புத் தண்ணீரும் போதும். கிரைண்டர், கம்பி பிரஷ் வேண்டாம். நகத்தால் தடவி, நகம் மாட்டுகிற பிசிறு இருந்தால் 600 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து மெல்லத் தேய்க்கலாம். மெதுவாகக் காற்று இறங்குவதற்கு, ஆணியை விட இந்தப் பூப்பும் பிசிறும் பல வண்டிகளில் காரணமாக இருக்கும். வால்வையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். டிஆர் 412 வகை ரப்பர் வால்வு மலிவான சாமான். பழையதை வளைத்துப் பார்த்தபோது அடியில் மயிரிழை வெடிப்பு சுற்றிலும் ஓடியிருந்தது. புது டயருக்குள் அதை விட்டுவைத்திருந்தால், சீக்கிரமே எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டியிருக்கும்.

புது டயரில் பார்க்க வேண்டியவை: சுழலும் திசையைக் காட்டும் அம்பு, தயாரித்த வாரமும் வருடமும் சேர்ந்த நான்கு இலக்கம் (2324 என்றால் 2024-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம்), லேசான பக்கத்தைக் காட்டும் மஞ்சள் புள்ளி. புள்ளியை வால்வுக்கு நேராக வைத்தால் பேலன்ஸ் எடை குறையும். அம்பை இரண்டு தடவை பாருங்கள். தலைகீழாகப் போட்டுவிட்டால் வழியே இல்லை, முழு வேலையும் மறுபடி.

முதல் பீடு சோப்புக் கரைசலோடு கையாலும் முட்டியாலும் இறங்கியது. இரண்டாவதை வால்வுக்கு எதிரில் ஆரம்பித்து, இரு பக்கமாக வந்து, வால்வில் முடித்தோம். கடைசி ஒரு சாண் வரும்போது டயர் கல் மாதிரி ஆகிவிடும். அங்கே பலம் போடக் கூடாது. லீவரை விட்டுவிட்டு, உள்ளே போன பீடை எதிர்ப்பக்கத்திலிருந்து உள்ளங்கையால் அடித்துப் பள்ளத்தில் இறக்கிக்கொண்டே வந்தோம். ஒரு மரத்துண்டைச் செருகி அது மேலே ஏறாமல் பிடித்தோம். அதற்குப் பிறகு கடைசித் துண்டு சிரமமில்லாமல் உள்ளே விழுந்தது.

காற்று அடிக்கும்போது வால்வு பின் இல்லாமல் அடித்தால் காற்று வேகமாகப் போய் பீடு சீக்கிரம் உட்காரும். அடுத்தடுத்து இரண்டு 'டப்' சத்தம் கேட்க வேண்டும். 40 பி.எஸ்.ஐ. தாண்டக் கூடாது. அதற்குள் உட்காரவில்லையென்றால் காற்றை இறக்கி, மறுபடி சோப்பு தடவி அடிக்க வேண்டும். அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் பீடு கம்பி அறுந்து கையைப் பதம் பார்க்கும். பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று அச்சாகியிருக்கும். அது சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிந்தால்தான் டயர் நேராக உட்கார்ந்ததாக அர்த்தம். எங்கள் முதல் முயற்சியில் ஓர் இடத்தில் கோடு ரிம்முக்குள் புதைந்திருந்தது. காற்றை இறக்கி அங்கே மட்டும் சோப்பு தடவி அடித்ததும் சரியானது.

முன்சக்கரம்: லீவர் இல்லாமல்

90/90-17 சின்ன டயர் என்பதால் கேபிள் டை முறையைப் போட்டுப் பார்த்தோம். 40 செ.மீ. நீள டை எட்டு. டயரைச் சுற்றி சம இடைவெளியில் மாட்டி, இரண்டு பீடும் ஒன்றோடொன்று ஒட்டும்வரை இறுக்க வேண்டும். அப்போது இரண்டும் சேர்ந்து ஒரே வளையம் போல ஆகிவிடும். சோப்பு தடவி, சேர்ந்த இரண்டு பீடையும் ஒரு பக்கத்தில் ரிம் விளிம்பைத் தாண்டிப் பள்ளத்தில் இறக்கி, எதிர்ப்பக்கத்தை முட்டியால் அமுக்கினால் முழு டயரும் ஒரே தடவையில் ரிம் மேல் வந்துவிடும். காலையில் குளிர்ந்திருந்த டயரில் வரவில்லை, வெயில் காட்டிய பிறகு வந்தது. டைகளை வெட்டி எட்டும் வெளியே வந்ததா என்று எண்ணிப் பார்த்த பிறகே காற்று. விளிம்பில் இரும்பே படவில்லை. மெல்லிய டயருக்கு இதைவிட நல்ல முறை கிடையாது.

ஸ்போக் சக்கரம்

இங்கே பயம் வேறு. குரோம் பூசிய இரும்பு ரிம்மில் கீறல் விழுந்தால் அழகு மட்டும் போகாது, அடுத்த மழையிலேயே துரு பிடிக்கும். லீவருக்கும் ரிம்முக்கும் நடுவில் மாட்டி ட்யூப் கிள்ளப்படுவது அடுத்த ஆபத்து. வால்வு இருக்கும் இடத்தில் ட்யூபின் அடிப்பகுதி பள்ளத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் கழற்றும்போது வால்வில் தொடங்கி, மாட்டும்போது வால்வில் முடிக்க வேண்டும். புது ட்யூபுக்கு டால்கம் பவுடர் தூவி, வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று. ட்யூப் உருண்டிருந்தால் லீவர் நுனிக்குக் கீழே மடியாது. ஸ்போக் நிப்பிள்களை மூடும் ரிம் டேப் ஓரிடத்தில் விலகியிருந்தது, புதுசு போட்டோம். வால்வு நட்டை ரிம்மோடு சேர்த்து முறுக்காமல், மூடி வரைக்கும் மேலே ஏற்றி விட்டோம். டயர் கொஞ்சம் நகர்ந்தாலும் வால்வு சாயும், அதை வைத்து விஷயம் தெரிந்துவிடும். இறுக்கியிருந்தால் வால்வு ட்யூபோடு பிய்த்துக்கொள்ளும்.

கடையில் கொடுத்தால்

மெஷின் உள்ள கடையே மேல். ஆனால் மெஷினும் ரிம்மைக் கெடுக்கும். சக்கரத்தைப் பிடிக்கும் தாடைகளில் பிளாஸ்டிக் உறை இருக்கிறதா, டயரைத் தூக்கும் தலையில் நைலான் துண்டு மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை விடலாம். டிஸ்க் மேல்பக்கம் வர வேண்டும். பீடு உடைக்கும் தகடு டிஸ்க்குக்கும் வால்வுக்கும் தள்ளி விழ வேண்டும். ஆயில் கேன் உறைகளையும் சோப்புக் கரைசலையும் கையோடு கொண்டுபோய், "அண்ணே, லீவர் போட்டா இதை வெச்சுப் போடுங்க" என்று கொடுத்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

மாட்டிய பின்

பேலன்ஸ் பார்க்க, அச்சைச் சக்கரத்தில் செருகி இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவில் நிறுத்தினோம். கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். எதிர்ப்பக்கம் 5 கிராம் ஒட்டு எடையாகச் சேர்த்து, எந்த நிலையில் விட்டாலும் நிற்கும்வரை பார்க்க வேண்டும். பின்சக்கரத்துக்கு 15 கிராம் பிடித்தது, முன்னதற்கு 5 கிராம். ஸ்விங் ஆர்மில் கம்பி ஒன்றைக் கட்டி ரிம் விளிம்புக்கு அருகில் நீட்டி, சக்கரத்தைச் சுற்றிவிட்டால் வளைவு இருந்தால் தெரியும். கம்பிக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி எங்கும் மாறவில்லை.

பீடு ஓரத்திலும் வால்வு அடியிலும் சோப்பு நுரை வைத்துக் கசிவு பார்த்தாகிவிட்டது. டயரிலிருந்து ரிம் வரை சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருக்கிறோம். சோப்பு முழுக்கக் காயும் முன் கடுமையாக பிரேக் போட்டால் டயர் ரிம்மில் நகரும், அப்போது கோடு உடைந்து தெரியும். முதல் நாள் நிதானமாக ஓட்டி, மறுநாள் காலையில் பார்த்ததில் இரண்டு சக்கரத்திலும் கோடு நேராகவே இருந்தது. பின் டயரில் வைத்த 28 பி.எஸ்.ஐ. அப்படியே இருந்தது.