மாம்பழக் கலரும் பிஸ்தாங்க்ளாக்கும்

ஜூன் மாதம் மகளின் பள்ளிக்கூடத்தில் கெர்மெஸ். படிப்பு வருஷம் முடிகிற சமயத்தில் நடக்கும் விழா. நம்மூர் ஆண்டு விழாவிலிருந்து தலைமையாசிரியர் உரையை எடுத்துவிட்டு, வளையம் வீசும் ஆட்டமும் வீட்டில் சுட்ட கேக்கும் வைத்தால் அதுதான். விழா என்று காதில் விழுந்ததும் நான் பெட்டியைத் திறந்துவிட்டேன். மாம்பழக் கலர் சுடிதார், அரக்குத் துப்பட்டா. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், அந்த ஜோடி யாரையும் கைவிட்டதில்லை.

வாசலில் இன்னொரு அம்மா, கருநீலச் சட்டைக்காரி, இரண்டு கன்னத்திலும் கன்னம் வைத்து முத்தச் சத்தம் கொடுத்துவிட்டு ஒரு அடி பின்னால் போய் என்னைப் பார்த்தாள். "ஆ! செ தோஸே!" என்றாள். நான் வெட்கத்தோடு "மெர்ஸி" சொன்னேன். கேக் மேஜையில் இன்னொருத்தியும் அதையே சொன்னாள். அவளுக்கும் ஒரு மெர்ஸி.

வீட்டுக்கு நடக்கும்போது மகள், பதினொரு வயசு, குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, ஓஸேன்னா அழகா இருக்குன்னு அர்த்தம் இல்ல."

"பின்ன?"

"தைரியமா போட்டிருக்கீங்கன்னு."

சுடிதார் போடத் தைரியம் வேண்டும் என்று காஞ்சிபுரத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பிரான்ஸில் இந்த கிரெனோபிளுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. கணவருக்கு சிப் வேலை. சாப்பிடுகிற சிப்ஸ் இல்லை என்று மாமியாருக்கு இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறோம். எனக்கு எல்லாம் பழகிவிட்டது. கடைக்குள் நுழைந்ததும் முதலில் போன்ஜூர், அப்புறம்தான் என்ன வேண்டும் என்று வாயைத் திறக்க வேண்டும்; மாற்றிச் செய்தால் கடைக்காரர் முகம் கூம்பிவிடும். நீளமான ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அதன் முனையைக் கிள்ளித் தின்றபடி நடக்கிறேன். இவ்வளவு பழகிய பிறகும் புதுத்துணி எடுத்தால் ஓரத்தில் மஞ்சள் வைக்காமல் போடக் கை வருவதில்லை. போன வருஷம் வாங்கிய வெள்ளைச் சட்டையின் காலருக்குள் ஒரு பொட்டு வைத்தேன். துவைத்ததில் காலர் முழுக்கப் பரவி, அதுவும் மாம்பழக் கலராகிவிட்டது.

ஓஸே நாலு நாள் தொண்டையில் நின்றது. இவர்களைப் போல உடுத்தக் கற்றுக்கொண்டே தீர்வது என்று முடிவெடுத்தேன். பாரிஸ் தூரம், செலவு. லியோன் ரயிலில் ஒன்றரை மணிக்கும் குறைவு, உடையில் பாரிஸுக்கு இளைத்த ஊரும் இல்லை. அதோடு சோல்ட் ஆரம்பித்துவிட்டது. இந்த ஊர்த் தள்ளுபடிக்கு அரசாங்கமே நாள் குறிக்கும். வருஷத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் நான்கு வாரம், ஜனவரியில் ஒன்று, ஜூன் கடைசியில் தொடங்கி ஒன்று. கோடைத் தள்ளுபடி முடியும் வாரத்தில் ஊரில் ஆடித் தள்ளுபடி தொடங்கியிருக்கும். உலகத்துப் பெண்களை ஒரே நேரத்தில் கடைத்தெருவுக்கு அனுப்ப யாரோ பேசிவைத்த மாதிரி இருந்தது எனக்கு.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. வெயில் அசல் வேலூர் வெயில். லியோனின் பெல்கூர் சதுக்கத்தில் செம்மண் நிறத்தில் தரை, நடுவில் குதிரை மேல் பதினான்காம் லூயி ராஜா சிலை, அங்கே மருந்துக்குக் கூட நிழல் இல்லை. அந்தச் சூட்டிலும் பெண்கள் கசங்காமல் நடந்தார்கள். ஓரத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி பார்த்தேன். கருநீலம், வெள்ளை, மணல் நிறம், கருப்பு. மறுபடி கருநீலம். உடம்பில் ஒன்றே ஒன்றுதான் பேச வேண்டும் போலிருக்கிறது: கழுத்தில் சின்னப் பட்டுத் துணி, இல்லாவிட்டால் சிவப்பு உதட்டுச்சாயம். மற்றதெல்லாம் வாய்மூடி இருக்க வேண்டும். நம் கல்யாண வீட்டில் கழுத்து, காது, கை, முந்தானை, ஜடை எல்லாம் ஒரே நேரத்தில் பேசும், யார் பேசுவதும் காதில் விழாது, ஆனால் கலகலவென்று இருக்கும்.

ஒரு கடையில் கருநீல லினன் கவுனை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். கடைப்பெண் தலையைச் சாய்த்து, "சோப்ர்" என்றாள். அடக்கம், அமைதி என்று அர்த்தம். உண்மையான பாராட்டு. பாதி விலை. வாங்கிவிட்டேன். கண்ணாடியில் தெரிந்தவள், யாரோ இழவு வீட்டுக்குக் கிளம்பி வழியில் மனம் மாறி ஆபீஸுக்குப் போகிற மாதிரி இருந்தாள்.

பிறகு சோன் நதிக்கரை. கரையோர வீடுகள் காவி, ரோஜா, குங்குமப்பூ, பழுத்த பப்பாளி என்று வரிசையாக நிற்கின்றன, தண்ணீரில் இன்னொரு வரிசை. உடம்பில் போட வேண்டிய கலரையெல்லாம் சுவருக்குப் போட்டுவிட்டார்கள். மலை மேல் ஃபூர்வியேர் தேவாலயம். போகலாமா என்றேன். கணவர், "அந்த மலை சாமி கும்பிடுற மலை. இன்னொண்ணு உழைக்கிற மலை. நாம அங்க போறோம்" என்றார். நான் அவரை வழிகாட்டிப் பலகை என்று நினைத்திருக்கவில்லை. இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்களாம்.

உழைக்கிற மலையின் பெயர் குருவா ரூஸ். மெட்ரோவே பல்சக்கரம் வைத்துச் செங்குத்தாக ஏறுகிறது. மேலே இறங்கித் தெருவுக்குள் திரும்பியதும் வீடுகளைப் பார்த்தேன். அலங்காரம் கிடையாது. ஆனால் ஜன்னல்கள் ஏகத்துக்கு நெட்டை.

"ஏன் இவ்ளோ ஒசரம்?"

"தறி வெச்சிருந்தாங்க. கூரை 4 மீட்டர்" என்றார்.

அதற்கு மேல் அவர் சொன்னது என் காதில் ஏறவில்லை.

நான் காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துக்காரி. எங்கள் வீட்டில் தறிக்குப் பின்னால்தான் மனிதருக்கு இடம். கூடத்தில் குழி, குழியில் அப்பாவின் கால், குழி ஓரத்தில் என் வீட்டுப்பாடம். நான் மூன்றாவது படிக்கும்போது புடவையில் பூ போடுகிற ஜக்கார்டு பெட்டி வந்தது. தறிக்கு மேலே அதை ஏற்ற உயரம் போதவில்லை. அப்பா தறிக்கு நேர் மேலே இருந்த ஓடுகளை மட்டும் இறக்கி, அந்த இடத்தில் கூரையைத் தூக்கிக் கட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் வீட்டுக்குத் தலையில் கொண்டை போட்ட மாதிரி இருக்கும். கொண்டை வீட்டுப் பொண்ணு என்றுதான் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர்.

இந்த ஊரில் தறிக்காக ஒரு மலை முழுக்கக் கொண்டை வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

ஜக்கார்டு என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சைக்கிள், ரேடியோ மாதிரி அதுவும் ஒரு சாமான் பெயர் என்று இருந்தேன். ஜோசப் மரி ஜக்கார், 1752இல் இதே ஊரில் பிறந்தவர், 1804இல் அந்த எந்திரம். நெசவாளர் இல்லம் என்று அங்கே ஒரு அருங்காட்சியகம், அதில் வழிகாட்டிப் பெண் பழைய தறி ஒன்றில் உட்கார்ந்து மிதித்துக் காட்டினாள். மேலே ஓட்டை போட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புரண்டன. ஓட்டை இருக்கும் இடத்தில் கொக்கி தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. அவ்வளவுதான் சூட்சுமம், அதிலிருந்து ரோஜாப்பூ வருகிறது. எல்லோரும் பூவைப் பார்த்தார்கள். நான் அட்டைகளைக் கோத்திருந்த கயிற்றைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அது அறுந்தால் அன்றைக்கு யாரும் அப்பாவோடு பேசக் கூடாது.

இந்த எந்திரம் வருவதற்கு முன் தறியின் பக்கத்தில் ஒரு ஆள், பல வீடுகளில் குழந்தைதான், உட்கார்ந்து நூல்கட்டுகளை இழுத்துக்கொடுக்க வேண்டுமாம். ஜக்கார் அந்த வேலையை ஒழித்தார் என்று அவள் சொல்ல, கூட்டம் தலையாட்டியது. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் பெட்டி வந்த பிறகும் கோர்வைக் கரைக்கு ஆள் வேண்டும். உடலும் கரையும் வேறு வேறு நிறம், அதற்கு நூலைக் கொண்டுபோகிற நாடா தனி, அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் தள்ளிவிட வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த ஒருவர் நான்தான். ஜக்கார் ஐயா என்னைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார். மாம்பழ உடலுக்கு அரக்குக் கரை, எத்தனை சாயங்காலம் தள்ளியிருப்பேன்! அந்த ஜோடிக்குத்தான் ஓஸே.

கணவர் இந்த அட்டையைப் பார்த்துத்தான் பாபேஜ் என்கிற ஆங்கிலேயர் கணிப்பொறிக்கு யோசனை பிடித்தார் என்று விளக்கி, "உங்கப்பா தறியிலேர்ந்துதான் என் சம்பளம் வருது" என்று முடித்தார். அப்பாவுக்கு அதில் பங்கு எப்போது போகும் என்று கேட்டேன். பேச்சை மாற்றினார்.

தறிச் சத்தத்துக்கு இங்கே ஒரு பெயர் உண்டு. பிஸ்தாங்க்ளாக். தறிக்கே அந்தப் பெயர் வைத்துவிட்டார்கள். மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். தெரு முழுக்க பிஸ்-தாங்-க்ளாக்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு கடை. பட்டியலில் 'செர்வெல் து கனூ' என்று இருந்தது. கனூ என்றால் இந்த ஊர்ப் பட்டு நெசவாளி, செர்வெல் என்றால் மூளை. நெசவாளி மூளை! நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். வந்தது தயிர் மாதிரி வெண்ணிறப் பாலாடைக்கட்டி, அதில் பொடியாக நறுக்கிய தழைகளும் வெங்காயமும். தயிர்ப் பச்சடிதான். கொஞ்சம் உப்பு தூக்கல். நெசவாளி மூளை தயிர் மாதிரி என்று கேலி பண்ணி யாரோ வைத்த பெயராக இருக்கும் என்று எனக்குள் கோபம் வந்தது. கோபத்தோடு இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

சதுக்கத்தில் ஜக்கார் சிலை. அதன் அடியில் உட்கார்ந்து அப்பாவுக்கு வீடியோ போட்டேன். ஊரில் சாயங்காலம் ஆறரை. முண்டா பனியனோடு திண்ணையில் இருந்தார். கேமராவைச் சிலைப் பக்கம் திருப்பி, இவர்தான் ஜக்கார்டு என்றேன்.

"ஆளா அது?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பெட்டியில எத்தன கொக்கி?" என்று கேட்டார். எண்ணவில்லை என்றேன். அவ்வளவு தூரம் போய் அதைக்கூட எண்ணாமல் வந்திருக்கிறாயே என்பது போல முகத்தை வைத்துக்கொண்டார். சமாதானத்துக்கு, ஜக்காரின் உருவத்தையே 1839இல் பட்டில் நெய்தார்கள், அதற்கு 24,000 அட்டை ஆனது என்றேன்.

"இருபத்தி நாலாயிரமா? யாரும்மா குத்திக் குடுத்தது?"

மகள் பிஸ்தாங்க்ளாக் செய்து காட்டினாள். அப்பா கண்ணை மூடிக் கேட்டார். "பிஸ்ஸுங்கறது மிதி. க்ளாக்கு பலகை வந்து அடிக்கிறது. சரியாத்தான் பேர் வெச்சிருக்கான்" என்றார். இந்த ஊர்த் தறிக்குக் குழி கிடையாது, வீட்டையே 4 மீட்டர் உயர்த்திக் கட்டினார்கள் என்றதற்குச் சிரித்தார். "அவங்க மேல போயிட்டாங்க, நாம கீழ தோண்டிட்டோம்."

பிறகு என் மடியிலிருந்த பையைப் பார்த்துவிட்டார். "என்ன எடுத்த?"

"கருநீலத்துல ஒரு கவுன்."

"கரை?"

"கரையெல்லாம் இல்லப்பா."

"அப்ப துணி எங்க முடியுதுன்னு எப்படித் தெரியும்?"

பதில் இல்லாமல் பையை மூடினேன்.

அவர் விடவில்லை. "கூலி என்ன குடுத்தானாம்?"

சொன்னேன். இங்கேயும் நம்மூர் ஏற்பாடுதான். பட்டு நூலை வியாபாரி கொடுப்பான், தறி நெசவாளியுடையது, கூலி வியாபாரி சொல்வது. 1831இல் குறைந்தபட்சக் கூலி நிர்ணயம் பண்ணச் சொல்லிக் கேட்டார்கள், ஒரு ஒப்பந்தமும் ஆனது, சில வியாபாரிகள் மறுத்தார்கள். இந்த மலையிலிருந்து கருப்புக் கொடியோடு இறங்கி ஊரையே பிடித்துவிட்டார்கள். அப்புறம் அரசாங்கம் 20,000 பேர் கொண்ட படையை அனுப்பியது.

"கூலி கெடச்சுதா?"

"இல்லப்பா. ரத்து பண்ணிட்டாங்க."

அந்தப் பக்கம் அம்மா எதையோ உருட்டுகிற சத்தம். அப்பா மோவாயைத் தடவினார்.

"எந்த வருஷம்னு சொன்ன?"

"1831."

"ம். நாங்க போன மாசந்தான் மனு குடுத்திருக்கோம்" என்றார். பிறகு தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். "தூறுது. குழியில தண்ணி எறங்கிடும், பாவ மூடணும். வெச்சிடறேம்மா."