பாப்பாவுக்கு ஹைசேர் தேடுறீங்களா, முதல்ல காலைப் பாருங்க

டவுன் சிண்ட்ரோமோ சிபியோ (செரிப்ரல் பால்சி, மூளை பாதிப்பால உடம்பு அசைவு சரியா வராத நிலை) இருக்கிற குழந்தைக்கு, சாப்பிட உட்கார வைக்கிற ஹைசேர் வாங்கப் போனா எல்லா விளம்பரமும் ஒண்ணையே தான் காட்டுது, தலைக்கு குஷன், அஞ்சு பாயிண்ட் பெல்ட், எவ்ளோ தூரம் சாய்க்கலாம், அடியில வீல். நானும் கோத்தகிரில உட்கார்ந்து ராத்திரி ராத்திரி போன்ல இதையே தள்ளித் தள்ளிப் பார்த்துட்டு நாலஞ்சு ஃபோட்டோவ எங்க ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) மேடத்துக்கு அனுப்பினேன் (அவங்க கீழ கோயம்புத்தூர்ல இருக்காங்க), அவங்க திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி தான், "கால எங்கம்மா வைப்பா?" பார்த்தா ஒண்ணுத்துலயும் காலுக்கு சரியான பலகையே கிடையாது, இருந்த ஒண்ணும் பாப்பாவோட பாதத்துக்கு எட்டாத ஆழத்துல இருந்துச்சு.

நம்பலன்னா நீங்களே உயரமான ஸ்டூல்ல கால் தொங்கப் போட்டு ஒரு வேளை சாப்பிட்டுப் பாருங்க, கொஞ்ச நேரத்துல இடுப்பு முன்னாடி நழுவும், முதுகு கூன் போடும், கை டேபிளைப் புடிச்சுக்கும். தசைல டோன் (தசையோட இயல்பான இறுக்கம்) கம்மியா இருக்கிற குழந்தைக்கு இதெல்லாம் முதல் நிமிஷத்துலயே நடக்கும். இடுப்பு நழுவுனா முதுகு வளையும், முதுகு வளைஞ்சா மூஞ்சிய நிமிர்த்திப் பார்க்க கழுத்து பின்னாடி மடங்கும், அப்படி தலை அண்ணாந்துட்டு முழுங்குனா சாப்பாடு மூச்சுக்குழாய்ப் பக்கம் போற ஆபத்து ஜாஸ்தி. அதனால சேரை கீழ இருந்து மேல பார்க்கணும், பாதம், முட்டி, இடுப்பு, அப்புறம் தான் தலை. இடுப்பு, முட்டி, கணுக்கால் மூணும் ஏறக்குறைய 90 டிகிரில இருக்கணும்னு தெரபிஸ்டுங்க சொல்றது இதுக்குத் தான், இடுப்பு நிலையா நின்னாலே நிறைய குழந்தைகளுக்கு தலை தன்னால கொஞ்சம் அடங்கும்.

சாய்க்கிற விஷயத்துல எனக்கு கொஞ்சம் கோபமே உண்டு. முதுகுப் பலகை மட்டும் பின்னாடி போனா இடுப்போட மடிப்பு விரிஞ்சு குழந்தை அப்படியே வழுக்கிட்டு வரும், பெல்ட் நெஞ்சுல இருந்து கழுத்துக்கு ஏறும். தலை நிக்காத குழந்தைக்கு சாய்வு வேணும்னா சீட்டும் முதுகும் சேர்ந்தே சாயணும், அந்த மாதிரி சேரைத் தான் கேட்கணும், எவ்ளோ சாய்க்கலாம்ங்கிறத தெரபிஸ்ட் பார்த்துச் சொல்லட்டும்.

எங்களுக்குத் தோதா எதுவும் கிடைக்கல, அதனால ஆசாரி அண்ணன் கிட்டயே போனோம். மேடம் சொல்லிக் குடுத்த மாதிரி அளவெடுத்தோம், பாப்பாவ ஒட்டி உட்கார வெச்சு பின்பக்கத்துல இருந்து முட்டிக்குப் பின்னாடி வரைக்கும் டேப் வெச்சு அதுல ரெண்டு விரல் அளவு கழிச்சா சீட்டோட ஆழம், முட்டி மடிப்புல இருந்து குதிகால் வரைக்கும் காலுப்பலகையோட இறக்கம், முழங்கை மடக்கி வைக்கிற உயரம் ட்ரேக்கு. அண்ணன் முதல்ல "சின்னப் புள்ளைக்கு இவ்ளோ கணக்கா தங்கச்சி" ன்னு சிரிச்சாரு, அப்புறம் அவரே ஆர்வமாகி ரெண்டு பக்கமும் காடி (பலகை சொருகுற பள்ளம்) வெட்டிக் குடுத்தாரு, பாப்பா வளர வளர சீட்டையும் காலுப்பலகையையும் தனித்தனியா உருவி வேற காடில சொருகிக்கலாம். இது பெரிய கண்டுபிடிப்பு இல்ல, நார்வேல பீட்டர் ஓப்ஸ்விக்ங்கிற டிசைனர் 1972-ல பண்ண ட்ரிப் ட்ராப் சேர் இதே ஐடியா தான், ஃபோட்டோ காட்டுனதும் அண்ணனுக்கு உடனே புடிபட்டுடுச்சு.

ஒண்ணு கவனிங்க, எங்க பாப்பா சேரை அப்படியே காப்பி அடிக்காதீங்க. இவளுக்கு டோன் கம்மி, தொடை ரெண்டும் வெளிப்பக்கமா விரிஞ்சு போகும், அதனால தொடைக்கு வெளிய ரெண்டு பக்கமும் கட்டை வெச்சிருக்கோம். குன்னூர்ல எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பையனுக்கு சிபி, அவனுக்கு கால் விறைச்சு கத்திரிக்கோல் மாதிரி குறுக்க போகும், அதனால முட்டிக்கு நடுவுல கட்டை வேணும். அந்த நடுக்கட்டை காலைப் பிரிச்சு வைக்க மட்டும் தான், நழுவாம தடுக்க அத நம்புனா தொடை இடுக்குல அழுத்தி குழந்தை அழும், நழுவுறத இடுப்பு பெல்ட் தான் தடுக்கணும், அதுவும் வயித்துக்குக் குறுக்க இல்லாம தொடை மடிப்பு மேல சாய்வா கீழ இழுக்கிற மாதிரி. சில விறைப்பு இருக்கிற குழந்தைங்க காலுப்பலகைய உதைச்சே உடம்ப நீட்டிடுவாங்க, அவங்களுக்கு காலுப்பலகைய எப்படி வைக்கணும்னு தெரபிஸ்ட் கிட்ட கேட்காம செய்யாதீங்க.

மலைல இருக்கிறவங்களுக்கு இன்னொரு தலைவலி ஈரம். துணி குஷன் போட்டா மழைக்காலம் முழுக்க காயாது, பூஞ்சை நாத்தம் வேற, அதனால ரெக்ஸின் உறை போட்ட ஃபோம், கழட்டித் துடைக்கிற மாதிரி. ஆனா காலைல ரெக்ஸின் ஐஸ் மாதிரி இருக்கும், அத்தை ஒரு பழைய ஃப்ளானல் துணிய வெந்நீர் பை வெச்சு சூடு பண்ணி விரிச்சப்புறம் தான் உட்கார வைக்கவே விடுவாங்க. துணி வழுக்காம இருக்க அடியில டிராயருக்குப் போடுற ரப்பர் வலை ஷீட் வெட்டிப் போட்டிருக்கேன். பக்கவாட்டுக்கு ஆரம்பத்துல துண்டு சுருட்டி வெச்சாலே போதும், எங்க அழுத்தம் வேணும்னு பார்த்துட்டு அப்புறம் ஃபோம் ஒட்டிக்கலாம்.

கையில காசு கம்மின்னா உதவிக் கருவி குடுக்கிற மத்திய அரசோட அடிப் (ADIP) திட்டம் இருக்கு, 40 சதவீதம் குறைபாடு சான்றிதழ் வேணும், வருமான வரம்பும் உண்டு, கான்பூர்ல இருக்கிற அரசு நிறுவனம் அலிம்கோ பண்ற சிபி சேர் எல்லாம் அதுல வரும். நீலகிரிக்காரங்க ஊட்டில இருக்கிற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க. சேர் கைக்கு வந்ததும் குழந்தைய உட்கார வெச்சுப் பாருங்க, கால் தொங்குனா பலகை அடிச்சுக்கிற வேலை நம்மளோடது.

அப்புறம், சாப்பிடும் போது அடிக்கடி இருமுறது, குரல் தண்ணி கொப்புளிக்கிற மாதிரி ஆகுறது, அடிக்கடி நெஞ்சு சளி இதெல்லாம் இருந்தா சேரை மாத்திட்டே இருக்காதீங்க, டாக்டர் கிட்டயும் முழுங்குறத பார்க்கிற ஸ்பீச் தெரபிஸ்ட் கிட்டயும் காட்டுங்க. அளவெடுக்கிறதுல சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க, காடி வெட்டுன ஃபோட்டோவ அடுத்த வாரம் போடுறேன், இப்போ கரண்ட் போகப் போகுது.