அல்தாக்ராசியா என்னும் நடுப்பெயர்: ஜனவரி நாட்குறிப்பு

ஜனவரி 4, 2025, சனி

இன்று பிற்பகல் மகளின் அறையிலிருந்து வந்த ஒரு பாட்டை நிறுத்தச் சொன்னேன். பதினேழு வயதுப் பெண் கேட்கிற பாட்டா இது என்ற கோபம்தான் முதலில் வந்தது. மன்ஹாட்டனின் வாஷிங்டன் ஹைட்ஸில், டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்து குடியேறியவர்களின் நடுவே, பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறோம். மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் பேசிப் பேசியே ஸ்பானிய மொழி எனக்குப் பழகிவிட்டது. ஆகவே அந்தப் பாட்டின் வரிகள் ஒன்று விடாமல் புரிந்தன. பாடியவர் டோகிஷா என்னும் டொமினிக்கன் பாடகி. பாட்டின் பெயரை இங்கே மொழிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை. உடலுறவைக் குறிக்கும் தெருச் சொல் அது, அதுவும் தன்மைப் பன்மையில்.

மகள் ஒலியைக் குறைத்தாள். பிறகு கதவருகே வந்து நின்று, "கீழே முடிதிருத்தும் கடையில் ஆண்கள் இதைவிட மோசமாகப் பாடுவது தினமும் கேட்கிறதே அம்மா, அதை நிறுத்தச் சொல்லி நீ ஒருநாளாவது இறங்கிப் போனதுண்டா?" என்று கேட்டாள். போனதில்லை. அந்தப் பாட்டுகள் என் காதில் விழுந்தும் விழாமல் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருக்கின்றன. ஒரு பெண் குரல் அதே சொல்லைச் சொன்னதும் எழுந்து போய்க் கதவைத் தட்டியிருக்கிறேன். இதை யோசித்துப் பார்க்காமல் விடக்கூடாது என்பதற்காகவே இந்த மாதக் குறிப்புகளை டோகிஷாவுக்கென்று ஒதுக்குகிறேன்.

ஜனவரி 6, திங்கள்

டோகிஷா அல்தாக்ராசியா பெரால்டா ஹுவாரெஸ். பிறந்தது 1996இல், தலைநகர் சாந்தோ தொமிங்கோவின் கிழக்கே லோஸ் ஃப்ரைலெஸ் என்னும் எளிய குடியிருப்பில். தாய் பிழைப்புக்காக அமெரிக்கா வந்துவிட, உறவினர் வீடுகளில் வளர்ந்தவர். இந்தத் தெருவில் எத்தனையோ பேருடைய வரலாறும் இதேதான். மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை அனுப்பிவிட்டு, கைப்பேசித் திரையில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வேலைக்கு நடந்து போகும் தாய்மார்களை நான் தினமும் காலையில் சுரங்க ரயில் நிலையத்தின் வாசலில் பார்க்கிறேன்.

2018இல் ட்ராப் என்னும் ராப் வகையில் முதல் பாட்டு வந்தது. பாலுஸ் மியூசிக் என்னும் உள்ளூர் நிறுவனமும் அதை நடத்தும் ராய்மி பாலுஸும் தொடக்கத்திலிருந்தே உடன் இருந்தார்கள். 2020இல் ரோச்சி ஆர்டியுடனும் யோமெல் எல் மெலோசோவுடனும் பாடிய பாட்டுகள் நாட்டையே இரண்டாகப் பிரித்தன. பொது நிகழ்ச்சிகளையும் வானொலியையும் கண்காணிக்க அங்கே அரசு ஆணையம் ஒன்று உண்டு. ஆபாசம் என்று அது கருதும் பாட்டை வானொலியில் ஒலிபரப்பத் தடை விதிக்கலாம். ஆனால் யூடியூபிலும் கைப்பேசியிலும் பரவிய குரலுக்கு வானொலியின் தயவு தேவைப்படவில்லை.

ஜனவரி 9, வியாழன்

தாளத்தைப் பற்றி. இவர் பெரும்பாலும் பாடுவது டெம்பௌ என்ற வகையில். இதன் அடிப்படைக் கணக்கு எட்டு மாத்திரை. அதை மூன்று, மூன்று, இரண்டு என்று உடைக்கிறார்கள். நம் வாயால் சொன்னால் "தகிட தகிட தக". இன்று அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே தொட்டியின் விளிம்பில் இதைத் தட்டிப் பார்த்தேன்; கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த பாட்டோடு பிசகாமல் சேர்ந்தது. ரெக்கேட்டோன் என்னும் ஸ்பானிய மொழி நடன இசையின் உள்ளே ஓடுவதும் இதே கணக்குதான், அங்கே கொஞ்சம் நிதானமாக. டொமினிக்கன் டெம்பௌவில் அது மூச்சுவிட இடமில்லாத வேகத்தில் ஓடும், ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வந்து விழும்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோது நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன். ஜமைக்காவின் ஷாபா ராங்க்ஸ் 1990இல் பாடிய ஒரு பாட்டின் பெயர் அது. ஸ்டீலி, கிளீவி என்ற இருவரின் தாளத்தை ஒட்டி, பாபி டிஜிட்டல் தயாரித்த பாட்டு. குனிந்து போகிறவர்களைக் கண்டிப்பது அதன் பொருள்; வெள்ளை ஆதிக்கத்துக்குப் பணிகிறவர்களையும், ஒருபாலினக் காதலர்களையும், படுக்கையில் சில செயல்களைச் செய்கிறவர்களையும் ஒரே தட்டில் வைத்து அது ஏசுகிறது. பனாமாவில் அது ஸ்பானிய மொழிக்கு மாறியது, புவேர்த்தோ ரிக்கோவில் ரெக்கேட்டோனின் முதுகெலும்பானது, சாந்தோ தொமிங்கோவில் வேகமெடுத்துத் தனி வகையே ஆனது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே தாளத்தின் மேல் ஏறி நின்று, ஆண்களையும் பெண்களையும் நேசிப்பதாக ஒளிவுமறைவின்றிச் சொல்லும் ஒரு பெண் பாடுகிறார். ஏசப்பட்டவர்களின் கைக்கே தாளம் வந்து சேர்ந்திருக்கிறது.

ஜனவரி 11, சனி

இவருக்கு முன்னால் யார் என்று மகள் கேட்டாள். ஐவி குயின் என்று சொன்னேன். அவளுக்குப் பெயர் தெரிந்திருந்தது, பாட்டுகள் தெரிந்திருக்கவில்லை.

மார்த்தா இவெலிஸ் பெசாந்தே, புவேர்த்தோ ரிக்கோவின் அன்யாஸ்கோ ஊர்க்காரர். 1990களின் நடுவில் சான் ஹுவானில், டிஜே நெக்ரோ நடத்திய 'தி நாய்ஸ்' குழுவில் ஆண்களுக்கு நடுவே ஒரு பெண்ணாக மேடையேறினார். அந்தக் காலம் எப்படிப்பட்டது என்றால், 1995 பிப்ரவரியில் போலீசார் சான் ஹுவானின் இசைக் கடைகளில் சோதனையிட்டு ஒலிநாடாக்களைப் பறிமுதல் செய்துகொண்டு போனார்கள். 'ராப் பாடுகிறோம், அதனால் குற்றவாளிகள் ஆகிவிட மாட்டோம்' என்ற பொருளில் ஐவி குயின் பாட்டெழுதியது அந்தச் சூழலில்தான். 2002இல் வெல்டா கோன்சாலெஸ் என்ற செனட் உறுப்பினர் இந்த இசையின் ஆபாசத்தை எதிர்த்து விசாரணைகள் நடத்தினார். அவர் குறிவைத்தவற்றுள் 'பெர்ரேயோ' நடனமும் ஒன்று. நாய் என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பெண் முன்னே, ஆண் பின்னே நின்று ஆடுவது.

அதற்கு மறு ஆண்டு, 2003இல், ஐவி குயின் ஒரு பாட்டுப் பாடினார். உன்னோடு ஆட விரும்புகிறேன், வியர்க்க விரும்புகிறேன், அதனால் உன் படுக்கைக்கு வருவேன் என்று பொருளில்லை என்பது அதன் சாரம். இன்றைக்கும் எந்தக் கூட்டத்தில் போட்டாலும் பெண்கள் சேர்ந்து பாடும் பாட்டு. மகளும் நானும் அதை மூன்று முறை கேட்டோம். "இவர் வரமாட்டேன் என்கிறார், டோகிஷா வருவேன் என்கிறார், அவ்வளவுதானே வித்தியாசம்?" என்றாள் மகள். முடிவு பெண்ணின் கையில் இருக்கிறது என்பதில் இரண்டு பாட்டும் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. ஆனால் முதலாமவரைக் கொண்டாடுவது எளிது. மறுக்கும் பெண்ணுக்கு மரியாதை தர ஊர் சீக்கிரம் பழகிக்கொள்கிறது. விரும்புகிறேன் என்று சொல்லும் பெண்ணுக்கு அந்த மரியாதையைத் தர நானே கடந்த சனிக்கிழமை தவறினேன்.

ஜனவரி 12, ஞாயிறு

சிறு குறிப்பு. ஈழத் தமிழரான மாதங்கி அருள்பிரகாசம், உலகுக்கு எம்.ஐ.ஏ., 2005இல் தந்தையின் பெயரில் வெளியிட்ட முதல் தொகுப்பில் ஒரு பாட்டின் அடித்தளம் ரியோ டி ஜெனேரோவிலிருந்து எடுத்தது. டெய்ஸி டிக்ரோனா என்னும் பெண் பாடியது அது. 'கடவுளின் நகரம்' என்ற குடிசைப் பகுதியைச் சேர்ந்தவர், வீட்டு வேலை செய்து பிழைத்தவர், டோகிஷாவைப் போலவே நாணமின்றிப் பாடுகிறவர் என்று ஏசப்பட்டவர். மொழி போர்த்துக்கேயம், தாளம் வேறு. எங்கள் வீட்டில் இருபது ஆண்டுகளாக ஒலித்துவரும் பாட்டின் உள்ளே இப்படி ஒருவர் இருந்தது எனக்கு இன்றுதான் தெரிந்தது.

ஜனவரி 16, வியாழன்

எழுதத் தயங்கித் தள்ளிப்போட்ட பகுதிக்கு வந்துவிட்டேன்.

2021இல் கொலம்பியப் பாடகர் ஜே பால்வினோடு டோகிஷா ஒரு பாட்டுப் பாடினார். தலைப்பு 'பெர்ரா', அதாவது பெட்டை நாய். ஒரு பெண் தன் வேட்கையைச் சொல்ல இந்த வசைச்சொல்லைத் தானே எடுத்து அணிந்துகொள்வதில் எனக்குத் தடையில்லை. எறிந்த கல்லை எடுத்து வைத்துக்கொள்வது போன்றது அது. பெர்ரேயோ என்ற நடனத்தின் பெயரிலேயே இருக்கும் சொல்தானே அது. கேட்கும்போது அவர் குரலில் கூச்சமோ கெஞ்சலோ இல்லை.

ஆனால் அதன் காணொளி வேறு. கறுப்பினப் பெண்கள் இருவர் கழுத்தில் வாருடன் தரையில் தவழ்கிறார்கள். வாரின் மறுமுனை பால்வினின் கையில். வேறு கறுப்பினத்தவர் முகத்தில் நாயின் சாயல் ஒப்பனையாக ஏற்றப்பட்டிருக்கிறது. டோகிஷா நாய்க்கூண்டுக்குள் இருக்கிறார். கொலம்பியாவின் அப்போதைய துணை அதிபர் மார்த்தா லூசியா ராமிரெஸ் உள்ளிட்டோர் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். அக்டோபரில் காணொளி யூடியூபிலிருந்து எடுக்கப்பட்டது. பால்வின் மன்னிப்புக் கேட்டார்.

இதை யார் மீது ஏற்றிச் சொல்வது? பால்வின் மீது என்று விட்டுவிட்டால் எனக்கு வசதி. ஆனால் அதை இயக்கியவர் ராய்மி பாலுஸ், டோகிஷாவின் சொந்த அணியைச் சேர்ந்தவர். பாட்டின் உருவகத்தைக் காட்சியாக்கினோம் என்பது அவர்கள் தரப்பு. உருவகம் சரி, அதைச் சுமக்க யாருடைய உடல் கொண்டுவரப்பட்டது? தன்னை நாய் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை டோகிஷாவுக்கு உண்டு. இன்னொருத்தியின் கழுத்தில் வாரை மாட்டும் உரிமை அதிலிருந்து வராது. அதுவும் கரும்புத் தோட்டத்தில் அடிமைகளை வைத்து வேலை வாங்கிய வரலாறுள்ள ஒரு தீவில், கறுப்புத் தோலுக்கு இன்றும் விலை கொடுக்க வேண்டியிருக்கும் ஒரு நாட்டில். இந்த இடத்தில் நான் கண்டித்தவர்களோடு நிற்கிறேன். அவர்களில் பலர் அவருடைய வாயை அடைக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்கள் என்பது தெரிந்தும்தான் நிற்கிறேன்.

மகளிடம் சொன்னேன். அவள் அந்தக் காட்சியின் ஒரு படத்தைப் பெரிதாக்கி, தவழும் பெண்ணின் முழங்கால் தரையில் பதியும் இடத்தைக் காட்டி, "இவங்க பேர் என்னன்னு எங்கேயும் போடலையே அம்மா" என்றாள்.

ஜனவரி 19, ஞாயிறு

மாலையிலிருந்து பனி. வெளியே போகவில்லை.

அதே 2021இல் ஸ்பெயின் பாடகி ரோசாலியாவுடன் டோகிஷா பாடிய பாட்டு அவரை நாட்டுக்கு வெளியே கொண்டுபோயிற்று. 2022 மார்ச்சில் வந்த ரோசாலியாவின் தொகுப்பிலும் ஒரு பாட்டு சேர்ந்து பாடினார். ஜூன் மாதம் இதே நியூயார்க்கில், ப்ரைடு என்னும் பால்புதுமையினர் கொண்டாட்ட மேடையில் மடோனா அவரை முத்தமிட்டார். 2005இல் தாம் பாடிய புகழ்பெற்ற நடனப் பாட்டை அதே ஆண்டு இவரோடு சேர்ந்து மறுபடி வெளியிட்டார். பெரிய பெயர்கள் தங்களுக்கு வேண்டிய காரத்தை இவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ஓரளவு உண்மைதான். ஆனால் அந்தப் பாட்டுகளைக் கேட்டால் டோகிஷா தம் உச்சரிப்பை யாருக்காகவும் மாற்றவில்லை என்பது தெரியும். டொமினிக்கன் பேச்சில் சொல்லின் கடைசி 'ஸ்' விழுந்துவிடும்; படித்தவர்கள் அதைத் திருத்திக்கொள்வார்கள். இவர் பாட்டின் தலைப்பிலேயே அந்த எழுத்தை விட்டுவிட்டு அச்சிடுகிறார். லோஸ் ஃப்ரைலெஸ் பேச்சு அப்படியே மடோனாவின் பாட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

கதவு அதன்பின் அகலத் திறந்தது. 2022இல் புவேர்த்தோ ரிக்கோவின் திருநங்கை ராப் கலைஞர் வில்லானோ ஆந்தில்யானோ, அர்ஜென்டினாவின் இசைத் தயாரிப்பாளர் பிஸாராப்புடன் செய்த பாட்டால் உலகறிந்தவரானார். 2023இல் கொலம்பியப் பாடகி கரோல் ஜி, முழுதும் ஸ்பானிய மொழியிலான தொகுப்போடு அமெரிக்க இசைத் தொகுப்புகளின் பில்போர்டு 200 பட்டியலின் முதலிடத்துக்குப் போன முதல் பெண் ஆனார்.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று அல்தாக்ராசியா அன்னையின் திருநாள். டொமினிக்கன் குடியரசில் பொது விடுமுறை. இகுவேய் பேராலயத்தில் இருக்கும் பழைய ஓவியத்தில் மரியாள் தொட்டிலில் கிடக்கும் குழந்தையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். கீழ்வீட்டு மூதாட்டி ஆண்டுதோறும் அதன் படத்தின் முன் மெழுகுவத்தி ஏற்றி, இனிப்புச் சோளக் கஞ்சி காய்ச்சி எல்லோரையும் அழைப்பார். கடுங்குளிர், இரண்டு மாடி இறங்குவதற்குள் கை விறைத்தது.

2021இல் டோகிஷா லா வேகாவில் இதே அன்னையின் திருவுருவத்தின் முன் அரைகுறை ஆடையில் படம் எடுத்துக்கொண்டதும், ஊர் கொதித்ததும், அரசுத் தரப்பு நடவடிக்கை எடுத்ததும், அவர் மன்னிப்புக் கேட்டதும் மூதாட்டிக்கு நன்றாக நினைவிருந்தன. அவருடைய நடுப்பெயர் அல்தாக்ராசியா என்று என் மகள் சொன்னாள். "எனக்கும் அதுதான், மகளே, என் தங்கைக்கும் அதுதான்" என்றார் அவர். "அன்னையின் முன்னால் செய்தது தவறு. அது தவறுதான்." அதில் அவர் அசையவில்லை. நானும் வாதாடவில்லை.

கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றியபடி அவரே மீண்டும் தொடங்கினார். தாம் சிறுமியாக இருந்தபோது பச்சாத்தா என்னும் டொமினிக்கன் கிதார்ப் பாட்டு விலைமாதர் விடுதிக்கு உரியது என்று வீட்டில் சேர்க்கமாட்டார்களாம். குவாராச்சித்தா என்ற ஒரே வானொலிதான் அதை நாள் முழுதும் போடும். 2019இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபு என்று பட்டியலில் சேர்த்த அதே பச்சாத்தா. தகப்பனார் உறங்கிய பிறகு அக்காவும் தாமும் போர்வைக்குள் வானொலியை வைத்துக் கேட்பார்கள் என்று சொல்லி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, இல்லாத ஒரு திருகை மெல்ல, இன்னும் மெல்ல, இடப்பக்கம் திருப்பிக் காட்டினார்.