புதுப் பாய் வாங்கும் முன் கயிற்றைப் பாருங்கள்

ஒரே வடிவப் பாய்மரப் படகுகள் பந்தயம் ஓடும் ஒன்-டிசைன் வகுப்பில் ஹல் (படகின் உடல்), பாய்மரம், பாயின் அளவு எல்லாமே எல்லோருக்கும் ஒன்றுதான். அதனால் படகு பின்தங்க ஆரம்பித்ததும் பலரும் பாயைத்தான் சந்தேகப்படுவார்கள். என் சந்தேகம் முதலில் ஜிப் ஹாலியார்ட் மேல், அதாவது ஜிப் என்ற முன்பாயை ஏற்றும் கயிற்றின் மேல்.

420 மாதிரியான இருவர் ஓட்டும் சிறு படகுகளில் ஜிப்பை ஏற்றி இறுக்கியதும் ஃபோர்ஸ்டே (மரத்தை முன்னால் இழுத்துப் பிடிக்கும் வயர்) தளர்ந்துவிடும். ரிக்கின் (மரமும் அதைத் தாங்கும் வயர்களும்) முழு இழுவையையும் அந்த ஹாலியார்டும் ஜிப்பின் லஃப் (முன்விளிம்பு) வயரும்தான் தாங்குகின்றன. ஹாலியார்ட் ஒரு சென்டிமீட்டர் நீண்டால் போதும், பலத்த காற்று அடிக்கும்போது லஃப் காற்று போகும் பக்கமாகத் தொய்ந்துவிடும். பாய் தட்டையாக வேண்டிய நேரத்தில் உப்பிக்கொள்ளும், படகும் காற்றை நோக்கி ஏற மறுக்கும்.

பாலியஸ்டர் கயிற்றை எடுத்துவிட்டு, அதிகம் நீளாத டைனீமா கயிறு போடுவது நல்ல மாற்றம். ஆனால் டைனீமா வழவழப்பானது, முடிச்சு நழுவும். நழுவாவிட்டாலும் முடிச்சு போட்ட இடத்தில் கயிற்றின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஸ்ப்ளைஸ் செய்வதே, அதாவது நுனியைத் திருப்பிக் கயிற்றின் பின்னலுக்குள்ளேயே செருகுவதே சரி. பூட்டில்லாத ஸ்ப்ளைஸ் என்றால் கயிற்றின் விட்டத்தைப் போல 72 மடங்கு நீளம் உள்ளே போகவேண்டும். 4 மில்லிமீட்டர் கயிற்றுக்குச் சுமார் 29 சென்டிமீட்டர். உள்ளே போகும் நுனியில் இழைகளை ஒவ்வொன்றாக வெட்டி ஒல்லியாக்குங்கள். திடீரென்று தடிமன் மாறும் இடத்தில்தான் கயிறு அறும். புதுக் கயிற்றின் பின்னல் முதல் இழுப்பில் இறுகிக் கொஞ்சம் நீளும். ஓர் இரவு இழுவையில் வைத்த பிறகே அளவுக்குறி போடுங்கள்.

அடுத்தது உராய்வு. கப்பிக்கு இரண்டு மடங்கு என்று நான்கு கப்பிகளை அடுக்கினால் வாங்குக்கு (பாயின் அடியில் இருக்கும் பூம் என்ற கட்டையைக் கீழே இழுத்துப் பிடிக்கும் அமைப்பு) கணக்குப்படி 16 மடங்கு இழுவை கிடைக்க வேண்டும். ஒவ்வொரு கப்பியும் கயிற்று இழுவையில் பத்தில் ஒரு பங்கைத் தின்றால் கையில் மிஞ்சுவது 13 மடங்குதான். இழுக்கும்போது இந்த நஷ்டம் தெரியாது. தளர்த்தும்போது தெரியும்: காற்று குறைந்தபின் வாங்கை விடுவித்தாலும் பூம் மேலே போகாது, லீச் (பாயின் பின்விளிம்பு) இறுகியே நிற்கும். கிளீட்டுக்கு (கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பிடி) கிட்டே இருக்கும் கப்பிகளில் கயிறு வேகமாக ஓடும். மாற்றுவதானால் அங்கே பால் பேரிங் கப்பி போடுங்கள். கப்பிகளைக் கூட்டிக்கொண்டே போனால் இழுக்கவேண்டிய கயிறும் நீளும், அது காலடியில்தான் குவியும்.

இதையெல்லாம் வாங்குவதற்கு முன் வகுப்பு விதியைப் படியுங்கள். பல வகுப்புகளில் அனுமதி என்று எழுதாத எதுவும் தடைதான்.

பிறகு ரிக்கின் அளவுகள். மெயின் (பெரிய பாய்) ஹாலியார்டில் டேப்பைக் கட்டி உச்சிக்கு ஏற்றி, இருபுறமும் செயின்பிளேட் (பக்கவாட்டு வயர் படகில் மாட்டும் தகடு) வரை அளந்து பாருங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மரம் சாய்ந்திருக்கிறது. அதே டேப்பால் டிரான்சம் (படகின் பின்பலகை) நடு வரை அளந்தால் மரத்தின் பின்சாய்வு கிடைக்கும். ஷ்ரவுட் (மரத்தைப் பக்கவாட்டில் பிடிக்கும் வயர்) இழுவையைக் கேஜில் பார்த்து, எந்தக் கேஜ், எந்த வயர் தடிமன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கேஜுக்குக் கேஜ் எண் மாறும். கேஜ் சொல்வதைத் தண்ணீரில் சரிபார்க்க ஒரு வழி உண்டு. நடுத்தரக் காற்றில் எதிர்முகமாக ஓடும்போது, காற்று படாத பக்கத்து ஷ்ரவுட் லேசாகத் தளர வேண்டும், ஆடக்கூடாது.

அளக்கும்போதே வயரையும் ஒரு பஞ்சுத் துணியால் தடவிவிடுங்கள். நூல் சிக்கினால் அங்கே ஓர் இழை உடைந்திருக்கிறது, அந்த வயரை மாற்றியே ஆகவேண்டும். பெரும்பாலும் ஸ்வேஜுக்குள் (வயர் நுனியில் அழுத்திப் பொருத்திய உலோக முனை) வயர் நுழையும் இடத்திலும் ஸ்ப்ரெடர் (ஷ்ரவுடை மரத்திலிருந்து தள்ளிப் பிடிக்கும் கை) நுனியிலும்தான் உடையும்.

மெயின் பாயில் கிளூவிலிருந்து (பாயின் கீழ்ப் பின்மூலை) லஃப் நடுவுக்குச் சாய்வாகச் சுருக்கம் ஓடினால், பாயின் லஃப் வளைவுக்கு மீறி மரம் வளைகிறது. வாங்கைக் கொஞ்சம் விடுங்கள். போகவில்லை என்றால் ஸ்ப்ரெடரின் பின்கோணத்தைக் குறையுங்கள். பலத்த காற்றில் இந்தச் சுருக்கம் லேசாக இருந்தால் கவலை இல்லை. மேல் பேட்டன் (பாயை விறைப்பாக வைக்கும் பட்டை) நுனியில் இருக்கும் டெல்டேல் (காற்றோட்டத்தைக் காட்டும் நாடா) பாதிக்கு மேற்பட்ட நேரம் பறந்தால் போதும். எப்போதும் பறந்தால் லீச் திறந்து கிடக்கிறது, மெயின்ஷீட்டை (மெயின் பாயை உள்ளிழுக்கும் கயிறு) இன்னும் இழுக்கலாம்.

பாயைச் சந்தேகப்படுவது இதற்கெல்லாம் பிறகு. பூமின் நடுவுக்குக் கீழே படுத்து மேல்நோக்கி ஒரு படம் எடுங்கள். நல்ல பாயில் ஆழம், அதாவது வளைவு மிக ஆழமாக இருக்கும் இடம், பாயின் அகலத்தில் லஃப்பிலிருந்து 40 முதல் 45 சதவீதத்தில் இருக்கும். கன்னிங்ஹாமை (லஃப்பைக் கீழே இழுக்கும் கயிறு) முழுதாக இழுத்தும் ஆழம் பாதியைத் தாண்டிப் பின்னாலேயே நின்றால் துணியின் ரெசின் (துணியை விறைப்பாக வைக்கும் பூச்சு) போய்விட்டது. அப்போது தாராளமாகப் புதுசு வாங்குங்கள். புதுசைக் கரையில் ஏற்றி வைத்துப் படபடவென்று அடிக்க விடாதீர்கள், ரெசினைக் கொல்வது அதுதான். நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.