35 வயதில் பழகிய ஊசி

எனக்குக் கடுமையான ஹீமோஃபிலியா ஏ இருக்கிறது. ரத்தம் உறைவதற்குத் தேவையான 8ஆம் காரணி, இயல்பான அளவில் 1 சதவீதம்கூட என் உடலில் இல்லை. 35 வயதுவரை மூட்டுக்குள் ரத்தம் இறங்கிய பிறகுதான் மருத்துவமனைக்குப் போவேன். முழங்காலில் முதலில் ஒரு குறுகுறுப்பு, அடுத்துச் சூடு, பிறகு காலை மடக்கவே முடியாத விறைப்பு என்று அது வரும் வரிசை எனக்கு மனப்பாடம். குறுகுறுப்பிலேயே ஃபேக்டர், அதாவது அந்தக் காரணியை, ஊசியில் ஏற்றிவிட வேண்டும் என்பது தெரிந்திருந்தும், அலுவலகத்தில் விடுப்புக் கேட்டு, பேருந்து பிடித்து, சீட்டு வாங்கி, காத்திருந்து ஊசி ஏறுவதற்குள் பாதிநாள் போய்விடும். என் வலது முழங்கால் தேய்ந்தது அந்தப் பாதிநாள்களில்தான்.

ரத்தம் இறங்கும்வரை காத்திராமல் வாரம் இருமுறை 1000 யூனிட் ஃபேக்டரை முன்கூட்டியே போட்டுக்கொள்ளலாம் என்றும், அதை வீட்டில் நானே போடப் பழக வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார். செவிலியர் ஒருவர் 6 வாரம் பழக்கினார். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை அறை வெப்பத்துக்கு வரவிடுவதும், மருந்தைக் குலுக்காமல் மெல்லச் சுழற்றிக் கரைப்பதும் ஒரே நாளில் கைவந்தன. நரம்பைப் பிடிப்பதுதான் வரவில்லை. சிறுவயது முதல் குத்துப்பட்டுத் தழும்பேறிய முழங்கை மடிப்பை விட்டுவிட்டு, புறங்கையில் மெல்லிய குழாய் இணைந்த பட்டர்ஃப்ளை ஊசியைச் செலுத்தி, குழாயில் ரத்தம் திரும்பி வருவதைக் கண்டபோது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதே சில நொடிகள் மறந்துவிட்டது.

62 கிலோ எடையுள்ள எனக்கு 1000 யூனிட் ஏறினால் காரணியின் அளவு ஏறத்தாழ 32 சதவீதம் கூடும். பிறகு சுமார் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை அது பாதியாகிக்கொண்டே வரும். திங்கள் காலை போட்டால் அன்று தண்ணீர்க் குடம் தூக்கலாம். புதன் இரவில் மாடிப்படி ஏறுவதையே யோசித்துச் செய்ய வேண்டும். என் வாரம் இப்போது இந்தக் கணக்கில்தான் நடக்கிறது.

பழகத் தொடங்குமுன் ஒருமுறையும் 6 மாதம் கழித்து ஒருமுறையும், பெரியவர்களுக்கென 46 கேள்விகள் கொண்ட வாழ்க்கைத்தரப் படிவம் ஒன்றைத் தந்தார்கள். அதில் மதிப்பெண் கூடினால் நிலைமை மோசம் என்று பொருள். முதல் முறை, கடந்த 4 வாரங்களில் மூட்டுவலி இல்லவே இல்லை என்று குறித்திருந்தேன்.

“தாங்கித் தாங்கி நடந்து வந்து, வலியே இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே சார்?” என்றார் செவிலியர்.

“அது வலியில்லை சிஸ்டர், எப்போதும் இருப்பதுதான்” என்றேன்.

ரத்தம் இறங்காத வாரங்கள் தொடர்ந்த பிறகே, அந்த எப்போதும் இருப்பதற்கு வலி என்று பெயர் என்பது எனக்கு உறைத்தது. எனவே இரண்டாம் படிவத்தில் வேலை, வெளியே செல்வது ஆகிய பகுதிகள் தேறியிருக்க, வலியைப் பற்றிய வரியில் மட்டும் நான் பின்தங்கியிருந்தேன். படிவம் இதை எப்படிப் புரிந்துகொள்ளும் என்பது எனக்கு விளங்கவில்லை.

பிள்ளைகளைப் பற்றிய பகுதியை இருமுறையும் நிரப்பாமலே விட்டேன். ஹீமோஃபிலியா உள்ள தந்தையின் மகள்கள் எல்லோரும் அந்த மரபணுவைச் சுமப்பவர்களே. அவர்களில் சிலருக்குக் காரணியின் அளவும் குறைந்திருக்கும். என் மகளுக்கு அந்த அளவைப் பார்க்க அடுத்த மாதம் நாள் குறித்துத் தந்திருக்கிறார்கள்.